மறுதாம்பு

மந்தாரக்குப்பத்தில் ஒரு பிரியாணிக் கடையின் மாடியில் அந்தப் பல் ஆஸ்பத்திரி இருந்தது. வீங்கிய கன்னத்தைக் கையில் ஏந்திக்கொண்டு படியேறுகிறவனின் மூக்கில் முதலில் ஏறுவது தம் உடைக்கிற வாசனைதான். இதைவிடப் பெரிய கொடுமை உண்டா என்று நினைத்து மேலே போனால், டாக்டரம்மா கடலை உருண்டையைக் கடகடவென்று கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"வேற இடமே கிடைக்கலையா மேடம்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பல்லு எதுக்கு இருக்குதுன்னு வர்றவங்களுக்கு மறந்துடக்கூடாது இல்ல?" என்றார்.

அவரைப் பார்த்துச் சில வருடங்கள் ஆகின்றன. அரசாங்க வேலை கிடைத்து வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டார். மாடியில் இப்போது டியூஷன் நடக்கிறது. முப்பது பிள்ளைகள் ஒன்றாகச் சேர்ந்து வாய்ப்பாடு கத்தினாலும் டாக்டரம்மாவின் ஒற்றைக் குரலுக்கு ஈடாகவில்லை என்று பிரியாணிக்கடைக்காரர் குறைப்பட்டுக்கொள்கிறார்.

டாக்டரம்மா ஐந்தடிகூட இருக்கமாட்டார். ஷிப்ட் சங்கு மாதிரி குரல். பக்கத்திலிருக்கிற வடக்குத்து ஊர்க்காரர். அம்மாவும் அப்பாவும் கூலி வேலை செய்தவர்கள். கரும்பு வெட்டும் காலத்தில் மேல்பட்டாம்பாக்கம் பக்கம் போய் வாரக்கணக்கில் தங்கி வெட்டிவிட்டு வருவார்களாம். "சுரங்கத்துக்கு நெலம் குடுத்தவங்களப் பத்தி ஆயிரம் கத சொல்லுவாங்க. எங்களுக்கு ஒரே கததான். வூட்டுக்கு வெளிய கால வெச்சா அது அடுத்தவன் நெலம்," என்பார். படித்து டாக்டரான பிறகும் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை. எங்கள் நிலக்கரிச் சுரங்க டவுன்ஷிப்காரர்களுக்கு அது பெரிய மனக்குறை. குவார்ட்டர்ஸில் இருக்கிற பெர்மனன்ட் ஆட்களுக்கு டாக்டர் என்றால் பாதி இங்கிலீஷாவது பேச வேண்டும். நோய் தமிழில் வந்தாலும் வைத்தியம் இங்கிலீஷில்தான் பலிக்கும்.

நான் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பராமரிப்பில் இருக்கிறேன். மைல் கணக்கில் ஓடுகிற ரப்பர் பெல்ட். கிழிந்தால் கிழிந்த இடத்தை வெட்டி எடுத்துவிட்டு ஒட்ட வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அதுதான். அதனால் கடைவாய்ப் பல்லில் குழி விழுந்து, ஐஸ் தண்ணீர் பட்டால் உச்சந்தலை வரை சுரீர் என்று இழுத்தபோது, நேராகப் போய்ச் சொன்னேன்: "பிடுங்கிடுங்க மேடம்."

கடலை உருண்டையைக் கீழே வைத்தார். "புடுங்கறதுக்கு இது இன்னா நாத்தங்காலா?"

வாயைத் திறக்கச் சொல்லி, தட்டிப் பார்த்து, காற்றடித்துப் பார்த்து, படம் எடுத்தார். குளிர்ச்சி பட்டால் வலி எத்தனை நேரம் நிற்கிறது என்று கேட்டார். உடனே போய்விடுகிறது என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. என் வலியில் அவ்வளவு சந்தோஷப்பட்ட வேறு ஆளை நான் பார்த்ததில்லை.

"சார், பல்லுன்னா இன்னான்னு நெனச்சிக்கினு இருக்கீங்க? கூழாங்கல்லா? உள்ள ரத்தம் ஓடிக்கினு இருக்குது, நரம்பு ஓடிக்கினு இருக்குது. அந்த சதைய சுத்தி சொவரு கட்டற ஆளுங்க வரிசையா நிக்கறாங்க. பூச்சி சொவத்த அரிச்சிக்கினு வந்தா, இவங்க உள்பக்கமா இன்னொரு சொவரு எழுப்புவாங்க. அரிக்கறது கிட்ட வந்து இவங்களே செத்துட்டா?"

"செத்துட்டா?"

"அதுக்குன்னே கொஞ்ச பேரு அந்த சதைக்குள்ள சும்மா குந்திக்கினு இருக்காங்க. ஸ்டெம் செல்லு. தமிழ்ல குருத்தணுன்னு எழுதறாங்க. எந்த வேலைக்கும் இன்னும் போஸ்டிங் ஆவாத செல்லு. தகவல் போனா எழுந்திரிச்சி வரும், செத்தவன் எடத்துல நின்னு சொவரு கட்டும். நீங்க பாட்டுக்கு புடுங்குன்னா அவங்க பொழப்பு இன்னா ஆவறது?"

என் வாயில் எனக்காக இத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது. வெற்றிலை வேறு போட்டுக்கொண்டிருந்தேன்.

அவர் குழியைச் சுத்தம் செய்தார். ஓரமெல்லாம் நன்றாகச் சுரண்டினார். ஆனால் அடியில், நரம்புக்கு மிக அருகில், கொஞ்சம் மெத்தென்ற சொத்தையை அப்படியே விட்டு, அதன்மேல் மருந்து வைத்து மூடிவிட்டார். அதையும் சுரண்டினால் நரம்பு திறந்துவிடும். காற்றுப் புகாமல் மூடிவிட்டால் கிருமிக்குச் சோறு கிடைக்காது, உள்ளிருப்பவர்கள் மற்றதைப் பார்த்துக்கொள்வார்கள் என்பது அவர் கணக்கு.

"கரும்ப தரையோட வெட்டுவாங்க. கட்டைய தோண்டமாட்டாங்க," என்றார் கையுறையைக் கழற்றிக்கொண்டே. "அடுத்த வருசம் அந்தக் கட்டைலேருந்தே மறுதாம்பு கெளம்பும். எங்கம்மா பள்ளிக்கூடம் போவல. ஆனா எத வெட்டணும், எத வுடணும்னு எங்க காலேஜ் வாத்தியாருங்கள வுட எங்கம்மாவுக்கு நல்லா தெரியும்."

வீட்டில் வந்து சொன்னபோது என் மனைவிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "குப்பையைப் பெருக்கி மூலைல தள்ளி மேல பாயைப் போட்டு மூடுற மாதிரில்ல இருக்கு? இதுக்கு ஒரு டாக்டரா?" என்றாள். அவள் பூர்வீகம் கோவைப் பக்கம். குப்பை விஷயத்தில் ரொம்பக் கண்டிப்பு.

சில மாதங்கள் கழித்து மறுபடி படம் எடுத்தார் டாக்டரம்மா. பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். நரம்புக்கும் குழிக்கும் நடுவே முன்பு இல்லாத வெள்ளைப் பட்டை ஒன்று மெல்லிசாகத் தெரிந்தது. பெல்ட் தன்னைத் தானே ஒட்டிக்கொண்ட மாதிரி. நான் வாயைத் திறந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். "மூடிக்கலாம் சார், முடிஞ்சிது," என்றார்.

இதையெல்லாம் கேட்டு அவரைப் பெரிய பொறுமைசாலி என்று நினைத்துவிடக் கூடாது. பல்லிடம் மட்டும்தான் பொறுமை. பல்லுக்குச் சொந்தக்காரனிடம் கிடையாது. "பல் தேய்ச்சியா, இல்ல பிரஷ்ஷ காட்டிட்டு வந்துட்டியா?" என்று கேட்டு ஒரு போலீஸ்காரரையே தலைகுனிய வைத்தார்.

ஒருமுறை டவுன்ஷிப் கல்யாண மண்டபத்தில் ஒரு கூட்டம். பிள்ளைகளின் பால் பல் விழுந்ததும் அதிலுள்ள குருத்தணுக்களை எடுத்து உறைய வைத்துப் பாதுகாக்கிற கம்பெனியாம். டை கட்டிய இளைஞர் ஒருவர் பெரிய திரையில் படம் காட்டினார். எதிர்காலத்தில் சர்க்கரை நோய், இதய நோய், மூட்டுத் தேய்மானம் எல்லாவற்றுக்கும் இந்தப் பல்தான் மருந்து என்றார். பெற்றோர்கள் கையெழுத்துப் போடத் துடித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளூர் டாக்டர் ஒருவர் கூட்டத்தில் இருந்தால் நம்பிக்கை வரும் என்று நினைத்து டாக்டரம்மாவை அழைத்து முதல் வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். அவர்களுடைய போதாத காலம்.

மைக்கை வாங்கினார். "இவரு சொல்ற செல்லு நெஜம். பால் பல்லுல இருக்குது, நானும் படிச்சிருக்கேன். தம்பி, இத வெச்சி இந்தச் சக்கர நோவு சரியான ஒரு ஆளக் காட்டுங்க."

"ஆராய்ச்சி நடந்துட்டு இருக்கு மேடம்."

"நடக்கட்டும். நடந்து வூடு வந்து சேரட்டும். அப்பறம் இவங்க கிட்ட கையெழுத்து கேளுங்க." கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "விழுந்த பல்ல ஐஸ்ல வெக்கறதுக்கு ஓடறீங்களே, வாயில இருக்கற பல்ல தேய்க்கச் சொல்லுங்க மொதல்ல. உங்க புள்ளைங்களுக்குச் சொத்த இல்லாத பால் பல்லு எத்தினி இருக்குதுன்னு எனக்குத் தெரியும்."

பாதிப் பேர் கோபித்துக்கொண்டார்கள். மீதிப் பேர் காபி குடிக்கப் போனார்கள். டை கட்டியவர் மண்டபத்தின் பின்வாசல் எங்கே என்று என்னிடம் கேட்டார்.

இப்படிப்பட்டவர்தான் செல்வம் விஷயத்தில் சறுக்கினார்.

செல்வம் என் பிரிவில் கான்ட்ராக்ட் ஆள். பெல்ட்டுக்கு அடியில் கொட்டுகிற நிலக்கரியை அள்ளுகிற வேலை. கீழ்க்கடைவாய்ப் பல் வலிக்கிறது என்றான். அவரிடம் போ, பிடுங்காமலே சரி பண்ணுவார் என்று அனுப்பி வைத்தவன் நான்தான். டாக்டரம்மா பார்த்தார். டீ குடித்தால் வலி வெகுநேரம் நிற்கிறது என்று அவன் சொன்னான். நரம்பு சாகப்போகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். அப்போதே திறந்து நரம்பை எடுத்திருக்க வேண்டும், இல்லை பல்லையே எடுத்திருக்க வேண்டும். அவர் மருந்து வைத்து மூடினார். மூன்று நாளில் வரச் சொன்னார்.

அவன் போகவில்லை. இரண்டாவது நாளே வலி நின்றுவிட்டது. நரம்பு செத்தால் வலி நிற்கும் என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? "சூப்பர் டாக்டரு சார்," என்று என்னிடம் வந்து சொன்னான். பத்து நாள் கழித்து ஒரு காலை ஷிப்டுக்கு வந்தபோது தாடைக்கு அடியில் கல் மாதிரி வீங்கி, வாய் திறக்க முடியாமல், எச்சில் விழுங்க முடியாமல் நின்றான். ஜீப்பில் போட்டு முதலில் டாக்டரம்மாவிடம் கொண்டுபோனேன். ஒரு பார்வைதான் பார்த்தார். ஆஸ்பத்திரியைப் பூட்டிவிட்டு எங்களோடு ஜீப்பில் ஏறிவிட்டார். பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்வரை அவன் மூச்சையே கவனித்துக்கொண்டு வந்தார். அந்தக் குரல் இல்லாத அமைதி எனக்கு வீக்கத்தைவிடப் பயமாக இருந்தது.

கழுத்தில் கீறிச் சீழை எடுத்தார்கள். மூச்சுக்குக் குழாய் வைத்தார்கள். இரண்டு நாள் எதுவும் சொல்ல முடியாது என்றார்கள்.

செல்வத்தின் மனைவி வசந்தா முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலைக்குப் போகிறவள். கொட்டைத் தோலின் எண்ணெய் பட்டு விரலெல்லாம் கறுத்திருக்கும். வேலையிலிருந்து அப்படியே பஸ் ஏறி வந்திருந்தாள். வராந்தாவில் எல்லோருக்கும் முன்னால் நின்று கேட்டாள்: "பல்லு வலின்னு வந்த ஆள இப்பிடி படுக்க வெச்சிட்டியே, நீயெல்லாம் படிச்சவளா?" இன்னும் நிறையக் கேட்டாள். அவற்றை எழுத முடியாது.

செல்வம் திரும்ப வராமல் இருந்ததுதான் தப்பு என்று நான் குறுக்கே சொல்லப் போனேன். டாக்டரம்மா என்னைக் கையமர்த்தினார்.

"நான்தாம்மா தப்பு பண்ணேன். அது பொழைக்காத பல்லு. எனக்குத் தெரிஞ்சிது. பொழச்சிக்கும்னு ஆசப்பட்டு வுட்டுட்டேன்."

வசந்தா அதை எதிர்பார்க்கவில்லை. சுவரோரம் சரிந்து உட்கார்ந்து அழத் தொடங்கினாள். டாக்டரம்மா அவள் பக்கத்தில் உட்காரத் துணியாமல் நான்கு அடி தள்ளித் தரையில் உட்கார்ந்தார். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "கட்ட அழுவிப்போச்சின்னா தோண்டித்தான் ஆவணும் சார். எங்கம்மாவுக்கு அதுவும் தெரியும்."

செல்வம் பிழைத்துவிட்டான். தாடைக்கு அடியில் ஒரு தழும்போடு வேலைக்கும் திரும்பினான். ஆனால் மந்தாரக்குப்பத்தில் பேச்சு பரவிவிட்டது. மாடிப்படியில் கூட்டம் குறைந்தது. டாக்டரம்மாவின் குரலும் இறங்கிவிட்டது. சந்தேகம் என்று வருகிற எல்லோரையும் கடலூருக்கு எழுதி அனுப்பத் தொடங்கினார். கடலை உருண்டை டப்பா மூடியே கிடந்தது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் மகள் கயல் சைக்கிளிலிருந்து விழுந்தாள். எட்டு வயது. குவார்ட்டர்ஸ் சாலையில் ஒரு வேகத்தடை மேல் பறக்க முயன்றிருக்கிறாள். முன்பல் ஒன்று பாதியில் ஒடிந்து, நடுவே சிவப்பாக ஒரு புள்ளி தெரிந்தது. ஒடிந்த துண்டைத் தேடிச் சாயங்காலம் எங்கள் பிளாக்கே தெருவில் குனிந்து நடந்தது. வெள்ளையாக இருந்த எல்லாவற்றையும் கொண்டுவந்தார்கள். ஜல்லி, சுண்ணாம்புக் கட்டி, ஒருவர் மட்டும் பட்டாணி. துண்டு கிடைக்கவில்லை.

மனைவி கயலை அணைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் ஏறினாள். மந்தாரக்குப்பம் பக்கம் திரும்பினேன். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை.

டாக்டரம்மா பார்த்துவிட்டு, "கடலூர் போயிடுங்க சார். நரம்ப எடுத்துட்டு மூடிடுவாங்க," என்றார். காகிதத்தை எடுத்து எழுதவும் ஆரம்பித்துவிட்டார்.

நாற்காலியில் இருந்த கயல் கண்ணாடியில் தன் பல்லைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "டாக்டர், இது திரும்ப வளருமா?"

"மேல வளராது பாப்பா," என்றார் எழுதிக்கொண்டே. "அந்த வெள்ள ஓட்ட கட்டின ஆளுங்க பல்லு வெளிய வரும்போதே வேலைய வுட்டுப் போயிடுவாங்க."

"அப்ப உள்ள இருக்கறவங்க?"

"உள்ள இருக்கறவங்க இருக்காங்க. உனக்கு எட்டு வயசுதான? இந்தப் பல்லோட வேரு இன்னும் முழுசா வளரல. நுனி தொறந்த கொழா மாதிரி இருக்கும். அந்த நுனில குருத்தணு நெறைய இருக்குது. வேர நீட்டிக்கினே போவும், சொவத்த தடிப்பாக்கும். இப்ப நரம்ப எடுத்துட்டா வேரு அப்படியே நின்னுடும். மெல்லிசா, முட்ட ஓடு கணக்கா. பெரியவளானப்பறம் லேசா ஒரு அடி பட்டாலும்..."

பேனா நின்றுவிட்டது. தான் சொல்லிக்கொண்டிருப்பதைத் தானே கேட்டார் போலிருந்தது. எழுந்து போய்ப் படத்தை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு என் மனைவியிடம் வந்தார்.

"அடிபட்ட மேல் சதைய மட்டும் கொஞ்சமா கிள்ளி எடுத்துட்டு மருந்து வெச்சி மூடலாம்மா. அஞ்சாறு நிமிசத்துல ரத்தம் நின்னா அடியில இருக்கறது நல்ல சதன்னு அர்த்தம். நிக்கலன்னா நரம்பு போச்சு. அப்ப நான் ஆசப்பட மாட்டேன். செல்வம் கத உங்களுக்குத் தெரியும். யோசிச்சிச் சொல்லுங்க."

மனைவி என்னைப் பார்க்கவில்லை. "தெரியும். ரத்தம் நிக்கலைன்னா அதையும் எங்ககிட்ட சொல்லிடுவீங்கல்ல?" என்று கேட்டாள்.

"சொல்லுவேன்."

"அப்ப பண்ணுங்க."

மரத்துப்போக ஊசி போட்டார். மெல்லிய ரப்பர் துணியால் அந்த ஒரு பல்லை மட்டும் தனியாக்கினார். மிஷின் சில நொடிகள்தான் ஓடியது. பிறகு ஈரப் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். இரண்டு நிமிஷம் கழித்துப் பஞ்சை எடுத்தார். சிவப்பு. புதுப் பஞ்சு வைத்தார். கீழே பிரியாணிக் கடையில் யாரோ லெக் பீஸ் வரவில்லை என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார். நான்காவது நிமிஷம் எடுத்தார். லேசான சிவப்பு. மறுபடி வைத்தார். அவர் நெற்றியிலிருந்து வேர்வை இறங்கி முகக்கவசத்துக்குள் போனது. கயல் மட்டும் கவலையே இல்லாமல் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

ஐந்தாவது நிமிஷம் பஞ்சு வெள்ளையாக வந்தது.

"ஏய்!" என்று பழைய குரலில் ஒரு கத்தல். கீழே லெக் பீஸ் சண்டையே ஒரு கணம் நின்றது.

வெள்ளையாக ஒரு சிமெண்டைக் குழைத்து வைத்து மூடி, மேலே பல் மாதிரியே கட்டிக்கொடுத்தார். அதன் பிறகுதான் தொல்லை தொடங்கியது. குறித்த தேதியில் வரவில்லை என்றால் மறுநாள் காலை எங்கள் குவார்ட்டர்ஸ் கேட்டில் அவருடைய ஸ்கூட்டர் நிற்கும். "மறந்துட்டேன்னு சொல்லாதீங்க. செல்வமும் மறந்துதான் போனான்," என்று தெருவே கேட்கச் சொல்லுவார். ஒருமுறை என் மாமியார் ஊரிலிருந்து வந்திருந்த நேரத்தில் இப்படி நடந்தது. நாங்கள் யாரிடமோ கடன் வாங்கி ஏமாற்றிவிட்டு ஓடி ஒளிவதாக மாமியார் இரண்டு நாள் நம்பிக்கொண்டிருந்தார்.

வருடம் ஒன்றுக்கு மேல் ஓடியது. கடைசிப் படத்தில் வேர் பக்கத்துப் பல்லுக்குச் சமமாக நீண்டு, நுனி மூடியிருந்தது. சிமெண்டுக்குக் கீழே பாலம் போட்ட மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. டாக்டரம்மா படத்தைக் கயல் கையில் கொடுத்தார். அவள் அதைத் திருப்பிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "போலாமா அப்பா?" என்றாள்.

நாங்கள் எழுந்திருக்கும்போது வாசலில் செல்வமும் வசந்தாவும் நின்றிருந்தார்கள். வசந்தாவின் ஒரு கன்னம் உப்பியிருந்தது. டாக்டரம்மா தன் இடத்திலிருந்து எழுந்து நின்றார்.

"எனக்குத்தான்," என்றாள் வசந்தா கன்னத்தைத் தொட்டு. "ஒரு வாரமா காட்டலாமா வாணாமான்னு யோசிச்சிக்கினு இருந்தேன்."

"வேற எடத்துல காட்டி இருக்கலாமேம்மா."

"வேற எவன் கிட்ட போறது? தப்பு பண்ணா ஒத்துக்குவானா இல்லியான்னு யாருக்குத் தெரியும்? உன்ன எனக்குத் தெரியும்."

டாக்டரம்மா நாற்காலியைத் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டார். தானாக வலிக்கிறதா, சூடு பட்டால் எத்தனை நேரம் நிற்கிறது, படுத்தால் கூடுகிறதா. ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டார். தட்டினார், படம் எடுத்தார், பார்த்தார்.

"நரம்பு போயிடுச்சிம்மா. இத வுட்டு வெக்க முடியாது. இன்னிக்கே தொறந்து எடுத்துடணும்."

"எடு," என்றாள் வசந்தா.

செல்வம் என் பக்கத்தில் வந்து நின்று தன் தழும்பைத் தடவிக்கொண்டான். டாக்டரம்மா எங்களைப் பார்த்து, "நீங்க இன்னும் இன்னா வேடிக்க? கெளம்புங்க," என்று விரட்டினார்.

படியிறங்கும்போது மேலேயிருந்து அவர் குரல் வந்தது.

"இன்னும் தொறம்மா. அன்னிக்கு என்னத் திட்டறப்ப எம்மாம் பெருசா தொறந்த!"

அதற்குப் பதிலாக, வாயை மூட முடியாத ஒருத்தி சிரிக்கிற சத்தம் கேட்டது.